வம்சத்து நோயை மூடி மறைக்காதீர்கள்!



சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, டிங்கிக் காய்ச்சல், மருந்து தெளிக்கும்போது கையுறை போடுவது என்று இந்தப் பகுதியில் எத்தனையோ விஷயங்களைப் பேசியாகிவிட்டது. அவையெல்லாம் யாருக்கும் வரக்கூடியவை. இந்த மாதம் எடுத்துக்கொண்டிருப்பது வேறு வகை. சில குடும்பங்களில் மட்டும், அப்பன் பாட்டன் வழியாகவோ அம்மா பாட்டி வழியாகவோ ரத்தத்தோடு இறங்கி வருகிற நோய்கள். அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, இதயம் துடிக்கும் தாளம் திடீரென்று தவறி ஆளைச் சாய்த்துவிடும் நோய். மற்றொன்று, குடலுக்குள் சதை மொட்டுகள் முளைத்து நாளடைவில் புற்றுநோயாக மாறும் நோய்.

நெஞ்சுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இரண்டும் கருவிலேயே உடம்பில் எழுதப்பட்டு வருகின்றன. இரண்டும் முற்றுகிற வரையில் வெளியே காட்டிக்கொள்ளாமல் ஒளிந்திருக்கும். இரண்டையும் முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டால் ஆளைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அப்படிக் கண்டுபிடிக்க முதல் துப்பைக் கொடுக்க வேண்டியவர்கள் உங்கள் வீட்டு ஆட்களேதான். ஆனால் நம் ஜனங்கள் வாயைத் திறப்பதில்லை. அதைப் பற்றித்தான் இம்முறை கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காத்துக் கருப்பா, நோயா?

லயங்களில் இப்படிப்பட்ட பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டுப் படுத்தாரு. காலையில பெரட்டுக்கு எழுப்பினா உடம்பு ஜில்லுன்னு கிடக்குது." "பையன் ஆத்துக்குக் குளிக்கப் போனான். நல்லா நீச்சல் தெரிஞ்சவன்தான். எப்படி மூழ்கினான்னே தெரியல." "அவங்கப்பனுக்கும் மூலம்தான். ரத்தமாப் போயிப் போயி நாப்பது வயசுல போய்ச் சேர்ந்தாரு. இவனும் அதே மாதிரி."

இதற்கெல்லாம் நம்மவர்கள் சொல்லும் காரணமும் தெரிந்ததுதான். முனி அடித்துவிட்டது என்பார்கள். செய்வினை என்பார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால், வீட்டுக்கு வந்த மருமகள் ராசி இல்லாதவள் என்பார்கள். கட்டிய புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற பெண்ணின் தலையிலேயே பழியையும் தூக்கி வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை! சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. கும்பிடுங்கள். ஆனால் ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் இளவயதில் ஒரே மாதிரி சாகிறார்கள் என்றால், மூன்றாவது ஆளைக் காப்பாற்றும் பொறுப்பு நமக்கு இருக்கிறது அல்லவா?

இந்த மாதிரி நம்பிக்கை நம்மிடம் மட்டும் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். 1982-க்கும் 1990-க்கும் இடையில், பக்கத்து ஊரான சிங்கப்பூரில் வேலை செய்த தாய்லாந்துத் தொழிலாளர்கள் 200 பேருக்கு மேல் திடீரென்று, பெரும்பாலும் தூக்கத்திலேயே, இறந்துபோனார்கள். அவர்கள் நம்மைப் போலக் கை காய்க்க உழைத்த வாலிபர்கள். நோய் நொடி இல்லாதவர்கள். அவர்களுடைய ஊர்ப்பக்கம், வடகிழக்குத் தாய்லாந்தில், விதவைப் பேய் ஒன்று வந்து ஆண்களைக் கொண்டுபோகிறது என்று ஜனங்கள் பயந்தார்கள். பேயை ஏமாற்றுவதற்காக ஆண்கள் நகத்தில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு படுத்தார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இப்படித் தூக்கத்தில் வரும் சாவுக்குத் தனிப் பெயரே உண்டு. அங்கே பங்குங்குட் என்பார்கள்.

1992-ல் ஸ்பெயின் தேசத்து டாக்டர் சகோதரர்கள் பேட்ரோ புருகாடா, ஜோசப் புருகாடா என்ற இருவர், இதயம் திடீரென்று நின்று பிழைத்த எட்டு பேருடைய இ.சி.ஜி. படத்தில் ஒரே மாதிரியான அடையாளம் இருப்பதை எழுதி வெளியிட்டார்கள். 1997-ல் தாய்லாந்தில் ஆராய்ந்தபோது, தூக்கத்தில் இப்படிச் சாகக் கிடந்து தப்பியவர்கள் பலருடைய இ.சி.ஜி. படத்திலும் அதே அடையாளம் இருந்தது. 1998-ல் அந்த நோய்க்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். பேய் என்று பயந்த விஷயம் கடைசியில் ஒரு முழக் காகிதத்தில் கோடு கோடாகத் தெரிந்துவிட்டது. இன்று அந்த நோய்க்குப் புருகாடா நோய் என்று பெயர்.

உடம்புக்குள் ஒரு செக்ரோல்

மரபணு என்றால் என்ன? நம் உடம்பில் எந்த உறுப்பு எப்படி வேலை செய்ய வேண்டும் என்ற உத்தரவு எல்லாம் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட பெரிய புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு வேலைக்கும் உரிய உத்தரவுதான் ஒரு மரபணு. கிராணி செக்ரோல் எழுதும்போது ஓர் எண்ணைத் தவறாகப் போட்டால் அந்த மாதச் சம்பளமே தவறிப்போகிறது. அதைப் போல, உத்தரவில் ஓர் எழுத்து மாறினாலோ விட்டுப்போனாலோ சில சமயம் உறுப்பின் வேலை கெட்டுவிடும். இந்தப் பிழையைத்தான் டாக்டர்கள் மரபணு மாற்றம் என்கிறார்கள். பல பிழைகளால் ஒரு கெடுதலும் இல்லை. சில பிழைகள் உயிரை வாங்கிவிடும்.

முதலில் இதயத்தைப் பார்ப்போம். அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் சிறிய மின்சாரம் ஒன்று அதன் சதை முழுவதும் ஓட வேண்டும். அந்த மின்சாரம் எப்படி உண்டாகிறது? இதயத்தின் அணுக்களில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மதகுகள் இருக்கின்றன. சோடியம், பொட்டாசியம் என்ற உப்புச் சத்துகள் அந்த மதகுகள் வழியாக உள்ளே வந்தும் வெளியே போயும் மின்சாரத்தை உண்டாக்குகின்றன. மதகு திறக்கிற நேரத்தில் திறந்து, மூடுகிற நேரத்தில் மூடினால் தாளம் சரியாக இருக்கும். மதகு செய்கிற மரபணுவில் பிழை இருந்தால், ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நிமிஷத்தில் தாளம் தாறுமாறாகி, ரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயம் வெறுமனே நடுங்கும். ஆள் அப்படியே விழுந்துவிடுவார்.

இதில் முக்கியமான ஒன்று நீள் க்யூ-டி நோய். இ.சி.ஜி. படத்தில் க்யூ என்ற புள்ளிக்கும் டி என்ற அலைக்கும் இடையில் உள்ள நேரம் நீண்டுபோவதால் இந்தப் பெயர். சுமார் இரண்டாயிரம் பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறது. இதற்குரிய முக்கிய மரபணுக்களை 1995, 1996-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து ஓர் ஆச்சரியமான விஷயமும் தெரிய வந்தது. எந்த மரபணுவில் பிழையோ அதற்கு ஏற்றபடி ஆபத்து வரும் நேரமும் மாறுகிறது. ஒரு வகையில் ஓடும்போதும், குறிப்பாக நீந்தும்போதும் மயக்கம் வரும். இன்னொரு வகையில், திடீரென்று அலாரமோ டெலிபோனோ அடித்து ஆள் திடுக்கிட்டால் வரும். மூன்றாவது வகையில் தூங்கும்போது வரும். நீச்சல் தெரிந்த பையன் ஏன் மூழ்கினான் என்பதற்குச் சில வீடுகளில் இதுதான் பதில்.

இப்படி விழுகிறவருக்குக் கை கால் இழுத்துக்கொள்வதும் உண்டு. பார்க்கிறவர்கள் காக்காய் வலிப்பு என்று நினைத்துக் கையில் இரும்பைக் கொடுப்பார்கள். வருஷக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு உண்மையில் இதய நோய்தான் என்று பிற்பாடு தெரிய வருவதும் வைத்திய உலகில் புதிதல்ல. ஆகவே, ஓடும்போது அல்லது பயந்தபோது விழுகிற பிள்ளைக்கு ஒரு இ.சி.ஜி. கட்டாயம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மூலம் என்று நினைத்து ஏமாற வேண்டாம்

இனி குடல். பெருங்குடலின் உட்சுவரில் காளான் முளைப்பது போலச் சின்னச் சின்னச் சதை மொட்டுகள் முளைப்பதுண்டு. இதைப் பாலிப் என்பார்கள். வயதானவர்களுக்கு ஒன்றிரண்டு இருப்பது சகஜம். பெரும்பாலும் ஆபத்து இல்லை. ஆனால் சில குடும்பங்களில், பத்துப் பதினைந்து வயதிலேயே மொட்டுகள் முளைக்க ஆரம்பித்து, நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பெருகிவிடும். அத்தனையும் நல்ல மொட்டாகவே இருந்துவிடுமா? இராது. வைத்தியம் செய்யாமல் விட்டால் ஏறக்குறைய அத்தனை பேருக்கும் நாற்பது வயதை ஒட்டிக் குடல் புற்றுநோய் வந்துவிடுகிறது. இதற்குக் காரணமான ஏ.பி.சி. என்ற மரபணுவை 1991-ல் அமெரிக்க, ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இந்தப் பிழை இருக்கிறது.

இன்னொரு வகையில் மொட்டுகள் அதிகம் இருக்காது. ஆனால் இருக்கிற மொட்டு சீக்கிரம் புற்றாக மாறும். இதற்கு லிஞ்ச் நோய் என்று பெயர். இந்தக் குடும்பங்களில் பெண்களுக்குக் கருப்பையிலும் புற்று வரக்கூடும். மூன்றாவது வகையில், சிறு வயதிலேயே உதட்டிலும் வாய்க்கு உள்ளேயும் கறுத்த புள்ளிகள் தோன்றும். மச்சம், அதிர்ஷ்டம் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு அடிக்கடி வயிற்று வலி வந்தால் சும்மா இருக்கக்கூடாது. குடலுக்குள் மொட்டு இருந்து, குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருக்கலாம்.

நம் ஜனங்கள் செய்கிற பெரிய தப்பு, மலத்தில் ரத்தம் போனால் உடனே மூலம் என்று முடிவு கட்டிவிடுவது. கருணைக்கிழங்கு, நாட்டு மருந்து, களிம்பு என்று இரண்டு வருஷம் ஓடிவிடும். மூலமாகவே இருக்கலாம். ஆனால் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ குடல் புற்று இருந்த வீட்டில், பார்க்காமல் மூலம் என்று சொல்ல டாக்டருக்கே உரிமை இல்லை. நம் நாட்டின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில், 2012 முதல் 2016 வரையிலான கணக்கின்படி, ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் குடல் புற்றுக்குத்தான் முதலிடம் என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றில் பெரும்பகுதி வம்சத்தால் வருவதல்ல என்பதும் உண்மை. ஆனால் வம்சத்தால் வருவது இளவயதில் வருகிறது. சம்பாதிக்கிற வயதில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் வருகிறது.

பூவா தலையா

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. மேலே சொன்ன நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பிரதியில் பிழை இருந்தாலே போதும். அப்படிப்பட்டவருக்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பிழை போய்ச் சேர்வது பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போல. ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் இளையவன் தப்பித்தான் என்றும் இல்லை; ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் காசு சுண்டப்படுகிறது. பிழை போகாத பிள்ளைக்கு நோயும் இல்லை. அந்தப் பிள்ளையின் வம்சத்துக்கும் பயமில்லை.

சில நோய்களுக்கு இரண்டு பிரதியிலும் பிழை இருக்க வேண்டும். 1957-ல் நார்வே நாட்டு டாக்டர்கள் ஜெர்வெல், லாங்கே நீல்சன் இருவரும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகளில் நான்கு பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்த நால்வருக்கும் மயக்கம் வரும். அவர்களில் மூவர் சிறுவயதிலேயே திடீரென்று இறந்துபோனார்கள். இதயத்துக்கும் உள்காதுக்கும் ஒரே மதகு தேவைப்படுகிறது. இரண்டு பிரதியும் கெட்டால் இரண்டும் கெடும். குடல் மொட்டிலும் இப்படி இரண்டு பிரதியும் கெட்டு வருகிற ஒரு வகையை 2002-ல் கண்டுபிடித்தார்கள்.

இந்த இடத்தில் நம் பழக்கம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அக்காள் மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது நம்மிடையே வழிவழியாக வருவது. நம் நாட்டில் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமே, இந்துக்கள் வழக்கப்படி அக்காள் தங்கை மகளைக் கட்டிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறது. சட்டத்தில் தப்பில்லை. ஆனால் ஒரே பாட்டனின் பிழை இரண்டு பக்கமும் ஒளிந்திருந்தால், சொந்தத்துக்குள் கட்டும்போது அது பிள்ளையிடம் வந்து சேர்ந்துகொள்ள வழி அதிகம். காது கேட்காத பிள்ளையும் திடீர்ச் சாவும் உள்ள குடும்பத்தில் சொந்தத்திலேயே மீண்டும் சம்பந்தம் பேசுவதற்கு முன், ஒரு டாக்டரிடம் பேசுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

நம்மவர்களுக்கும் இதற்கும் தூரமில்லை

இது வெள்ளைக்காரன் நோய் என்று சிலர் சொல்லக்கூடும். தாள நோய்க்குப் பங்காளி முறையான இதயச் சதை நோய் ஒன்று உண்டு. சதை தடித்தோ பலவீனப்பட்டோ போய், அதனால் தாளமும் தவறும். 2009-ல், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தண்டபாணி, ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்து தங்கராஜ் முதலிய விஞ்ஞானிகள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். இதயச் சதைக்குரிய ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விட்டுப்போன பிழை, இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் நூற்றுக்குச் சுமார் நான்கு பேரிடம் இருக்கிறது என்பதுதான் அது. ஏறக்குறைய 33 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தோன்றிய பிழை என்றும் கணக்கிட்டார்கள்.

இதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். பிற்பாடு நடந்த ஆராய்ச்சிகளில், இந்த விடுபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள், கூடவே இன்னொரு பிழையும் சேர்ந்தவர்களுக்குத்தான் ஆபத்து என்று தெரிந்திருக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: மரபணு நோய் எங்கோ அமெரிக்காவில் நடக்கிற சமாச்சாரம் அல்ல. நம் பாட்டன் பாட்டி கப்பலேறி கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியபோது பாத்திரம் பண்டத்தோடு சேர்த்து இதையும்தான் கொண்டு வந்தார்கள்.

ஒரு தையல்காரப் பெண் சொன்ன சொல்

1895-ல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வார்தின் என்ற டாக்டரிடம் ஒரு தையல்காரப் பெண் தன் கவலையைச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் பல பேர் வயிற்றிலும் கருப்பையிலும் புற்று வந்து செத்தார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்றாள். அவள் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. ஆனால் மறைக்காமல் சொன்னாள். டாக்டரும் அசட்டை செய்யாமல் அந்தக் குடும்பத்தின் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்தார். அவளைக் காப்பாற்ற அன்று வழி இல்லை. அவள் சொன்னபடியேதான் நடந்தது. ஆனால் நூறு ஆண்டுக்குப் பிறகு அதே குடும்பத்தில் பிழையான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். நான் முன்னால் சொன்ன லிஞ்ச் நோயின் சரித்திரம் அந்தக் கூலிக்காரப் பெண்ணின் வாயிலிருந்துதான் தொடங்குகிறது.

லண்டனில் செயின்ட் மார்க்ஸ் என்றொரு குடல் ஆஸ்பத்திரி. 1924-லேயே அங்கே குடல் மொட்டுக் குடும்பங்களுக்கென்று தனிப் பதிவேடு ஆரம்பித்தார்கள். அப்போது மரபணுவைப் பார்க்கிற மெஷின் எது? ஒன்றும் கிடையாது. பேனாவும் காகிதமும்தான். நோயாளியின் அண்ணன் தம்பி, பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் எழுதி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வயிற்று நோவு முற்றித் தானாக வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குள் புற்று வந்திருந்தது. ஏட்டைப் பார்த்துக் கூப்பிட்டவர்களில் சிலருக்குத்தான் வந்திருந்தது. ஓர் ஏடு செய்த வேலை இது!

நம் நிலைமையை எண்ணிப் பாருங்கள். முன்பெல்லாம் ஒரே தோட்டத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தது. யார் எப்படிச் செத்தார்கள் என்று லயத்துக் கிழவிக்குத் தெரியும். இன்று சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாகிவிட்டது. எஃபிங்ஹாம் தோட்டம் பண்டார் உத்தாமாவாகிவிட்டது. அண்ணன் கிள்ளானில், தம்பி பூச்சோங்கில், அக்காள் ரவாங்கில், ஒரு பையன் சிங்கப்பூரில். தோட்டம் உடைந்தபோது வீடு மட்டுமா போயிற்று? குடும்பத்தின் ஞாபகமும் சிதறிப் போயிற்று. தம்பி மகன் மயங்கி விழுந்த செய்தி அண்ணன் வீட்டுக்குத் தெரிவதில்லை.

சொன்னால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாதே!

இதுதான் எல்லாரும் சொல்லும் முதல் காரணம். நியாயமான பயம்தான். நான் கேட்கிறேன்: மறைத்துக் கட்டிக்கொடுத்து, மூன்றாம் வருஷம் மாப்பிள்ளை வீட்டில் தெரிந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன? சொல்லிக் கட்டிக்கொடுத்தால், அவள் பிள்ளை பெறும்போது டாக்டர் கவனமாக இருப்பார். ஊருக்கெல்லாம் தண்டோரா போடச் சொல்லவில்லை. நேர் ரத்த சொந்தத்திடமும் வைத்தியரிடமும் சொல்லுங்கள் என்கிறேன்.

"தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? தலையெழுத்து!" என்பது இரண்டாவது. எவ்வளவோ ஆகும். நீள் க்யூ-டி நோய்க்குத் தினமும் சாப்பிடுகிற பீட்டா பிளாக்கர் மாத்திரை இருக்கிறது. பழைய மருந்து, விலை குறைவு. அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு, தாளம் தவறினால் தானே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் சின்ன மெஷினை நெஞ்சில் வைக்கிறார்கள். எரித்ரோமைசின் போன்ற சில கிருமிக்கொல்லி மருந்துகளும், சில மனநோய் மருந்துகளும், சில மலேரியா மருந்துகளும் இவர்களுக்கு ஆகாது. நோய் இருப்பது தெரிந்தால் டிரெஸ்ஸர் அவற்றைக் கொடுக்க மாட்டார். புருகாடா நோயுள்ளவர் காய்ச்சல் வந்தால் உடனே தணிக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிதமிஞ்சிக் குடிக்கக் கூடாது, சம்சுவைத் தொடவே கூடாது. குடல் மொட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து குழாய் விட்டுப் பார்த்து, தக்க சமயத்தில் பெருங்குடலை அகற்றிவிட்டால் அங்கே புற்று வருவதைத் தடுத்துவிடலாம். லிஞ்ச் குடும்பத்தில் இருபது இருபத்தைந்து வயதிலிருந்து ஓரிரு வருஷத்துக்கு ஒரு தடவை கொலோனோஸ்கோப்பி செய்து, மொட்டைக் கண்டபோதே கிள்ளிவிடுகிறார்கள். இவ்வளவும் செய்ய முடிகிற காலத்தில் தலையெழுத்து என்று உட்கார்ந்திருக்கலாமா?

மூன்றாவது பயம் வேலை. "மேனேஜ்மெண்டுக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிருவான்." இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளினிக் கார்டில் எழுதியது கிளினிக்கோடு நிற்க வேண்டும். கிராணிக்கோ மேனேஜருக்கோ அதைப் பார்க்க வேலை இல்லை. நமது சங்கம் இதில் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். கூட்டு ஒப்பந்தம் பேசும்போது இரண்டு விஷயங்களைக் கேட்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஒன்று, தோட்டத்துக் கிளினிக் கார்டில் குடும்ப நோய்க்கென்று ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். இரண்டு, வம்ச நோயைக் காரணம் காட்டி யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. ஆபத்தான வேலையானால் மாற்று வேலை கொடுக்க வேண்டும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தாத்தா பாட்டியில் ஆரம்பித்து மூன்று தலைமுறையை எழுதுங்கள். அப்பா வழி ஒரு பக்கம், அம்மா வழி ஒரு பக்கம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, உயிரோடு இருந்தால் வயது, இறந்திருந்தால் எந்த வயதில், எப்படி என்று எழுதுங்கள். தூக்கத்தில் இறந்தவர், நீரில் மூழ்கியவர், அடிக்கடி மயங்கி விழுந்தவர், வலிப்பு என்று சொல்லப்பட்டவர், பிறவிச் செவிடு, தொட்டிலில் இறந்த குழந்தை, குடலில் அல்லது கருப்பையில் புற்று வந்தவர், மலத்தில் ரத்தம் போனவர், உதட்டில் கறும்புள்ளி உள்ளவர் யாரையும் விடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் கல்யாணம், கிள்ளானில் கருமாதி என்று சொந்தங்கள் கூடும் நாளில் நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சாப்பாட்டுப் பந்தி முடிந்து பெரியவர்கள் வெற்றிலை போடுகிற அரை மணி நேரம் போதும்.

நாற்பது வயதுக்குள் திடீர்ச் சாவு ஒன்று இருந்தாலோ, ஐம்பது வயதுக்குள் குடல் புற்று ஒன்று இருந்தாலோ, அந்த நோட்டை எடுத்துக்கொண்டு டிரெஸ்ஸரிடமோ அரசாங்கக் கிளினிக்குக்கோ வாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் பிரஜைகளுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். இ.சி.ஜி. எடுக்கச் சில நிமிஷம் போதும். ஊசி இல்லை, வலி இல்லை. சந்தேகம் இருந்தால் கடிதம் கொடுத்து மேலே அனுப்புவார்கள். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி இருக்கிறது. இதயத்துக்குச் செர்டாங் ஆஸ்பத்திரியும், கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கும் தேசிய இதய நிலையமும் இருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் மரபணு டாக்டர்களும் இருக்கிறார்கள். மரபணுச் சோதனையில் ஒன்றும் அகப்படாவிட்டால் நோயே இல்லை என்று அர்த்தமல்ல. பல குடும்பங்களில் பிழை எங்கே என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் இ.சி.ஜி.யும் உங்கள் நோட்டும் அவசியம்.

அரசாங்கக் கிளினிக்குகளில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மலச்சோதனை செய்கிறார்கள். நல்ல திட்டம், போய்ச் செய்துகொள்ளுங்கள். ஆனால் குடும்பத்தில் புற்று இருந்தவர்கள் ஐம்பது வரை காத்திருக்கக் கூடாது. அப்பாவுக்கு நாற்பத்தைந்தில் வந்திருந்தால் பிள்ளைகள் முப்பத்தைந்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து வருஷம் முன்னால் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மனசுக்குக் கஷ்டமான ஒரு விஷயம். வாலிபப் பிள்ளை திடீரென்று இறந்துவிட்டால், "அறுக்க வேண்டாம், அப்படியே குடுத்துருங்க" என்று கதறுகிறோம். தாயின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் பரிசோதித்தால்தான் மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்ற வழி தெரியும். அறுத்துப் பார்த்தும் இதயம் நன்றாகத்தான் இருந்தது, காரணம் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னால், அத்தோடு விட்டுவிடாதீர்கள். தாள நோய் சதையில் தடம் வைக்காமல் போய்விடும். காரணம் தெரியாத சாவு என்றால் உடன்பிறந்தவர்கள், பெற்றவர்கள், பிள்ளைகள் அத்தனை பேரும் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும் என்று அர்த்தம்.

மயங்கி விழுந்தவர்களுக்கெல்லாம் இந்த நோய் என்று பீதி கொள்ளாதீர்கள். பசியிலும் வெயிலிலும் விழுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் உங்கள் நோட்டில் ஒரே மாதிரியான இரண்டு சாவு இருந்தால், மூன்றாவது பெயரை எழுத விடாதீர்கள். போனவர்களைப் பற்றிப் பேசினால் துக்கம் வரும் என்று வாயை மூடிக்கொள்வதைவிட, அவர்கள் எப்படிப் போனார்கள் என்று சொல்லி, இருக்கிற பிள்ளைகளை வாழ வைப்பதே அவர்களுக்கு நாம் செய்கிற பெரிய திதி.

அடுத்த மாதம் சந்திப்போம். வணக்கம்.

தோட்டத்து டிரெஸ்ஸர்